அண்ணன் செட்டல் பண்ணிய விபத்து

ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு நானாக அர்த்தம் தேடிப் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு. மருத்துவமனை கொடுத்த விடுப்பில் வீட்டில் சும்மா இருந்தேன். அண்ணி வேலைக்குப் போய்விட்டார், அண்ணன் லாரியோடு போய்விட்டார். கைப்பேசியை மடியில் வைத்து, வலது கை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினேன். கடைசி இரண்டு எழுத்துகளில் எது முன்னால் வரும் என்று சந்தேகம் வந்தது. தப்பாகத் தட்டினாலும் அது சரியான சொல்லைத்தான் காட்டியது.

செட்டில். எங்கள் வாயில் அது செட்டல்.

நிறைய அர்த்தங்கள் இருந்தன. ஓர் இடத்தில் குடியேறுவது. பறவை கிளையில் அமர்வது. தூசி படிவது, கலங்கிய தண்ணீர் தெளிவது. வழக்கைப் பேசி முடிப்பது. கட்ட வேண்டிய தொகையைக் கட்டி முடிப்பது. இது போதும் என்று குறைந்ததை ஏற்றுக்கொள்வது. விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. எல்லாவற்றையும் படித்தேன். அண்ணன் இரண்டு வாரங்களாக என்னிடம் சொல்லிக்கொண்டிருந்த செட்டல் இதில் எது என்று மட்டும் தெரியவில்லை.

பறவை அமரும் அர்த்தத்தைத்தான் நான் முதலில் படித்தேன். ஜாசின் ஊரில் பதின்மூன்று வயதில் இடைநிலைப்பள்ளியின் முதல் படிவத்தில் இருந்தபோது ஆங்கில ஆசிரியை பலகையில் ஒரு மரம் வரைந்து, அதன் மேல் நான்கு பறவைகளைப் போட்டு, அந்த வினைச்சொல்லை எழுதினார். வாக்கியம் அமைக்கச் சொல்லி என்னை எழுப்பினார். எனக்குக் காது சூடாகிவிட்டது. தெரிந்தும் சொல்லவில்லை. நான் அப்படித்தான். யாராவது நேராகப் பார்த்துக் கேட்டால் பதில் உள்ளேயே நின்றுவிடும்.

மூன்றாம் படிவம் படிக்கும்போது நாங்கள் குடியிருந்த ரப்பர் தோட்டம் கைமாறியது. ரப்பரை வெட்டிவிட்டு முழுக்க எண்ணெய்க்கான செம்பனை போடப் போவதாகச் சொன்னார்கள். வீடுகளைக் காலி செய்ய வேண்டும். ஒவ்வொரு குடும்பமாக ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். அப்பாவுக்கு ஆபீஸ் படியில் ஏறினாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். எனக்கு அவர் குணம்தான். அதனால் இருபது வயது அண்ணன் கூடப் போனார். திரும்பி வந்து, வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "செட்டல் ஆயிடுச்சுப்பா. அடுத்த மாசம் கெளம்பணும்" என்றார். பள்ளிப் பலகையில் பறவை வந்து அமர்வதற்கு இருந்த சொல், எங்கள் வீட்டுக்குள் கிளம்புவதற்கு வந்தது. அதைப் பற்றி அன்று எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அண்ணன் பேசிவிட்டார், இனி பயமில்லை என்றுதான் நினைத்தேன்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எல்லாமே அந்தச் சொல்லால்தான் முடிந்தன. தாமான் குடியிருப்பில் வீடு செட்டல். தண்ணீர் மீட்டர் செட்டல். என் படிப்பும் செட்டல்தான். டைப்பிங் வகுப்பில் சேர்த்துவிடுகிறேன் என்றவர், ஒரு மாதம் கழித்துத் தொழிற்சாலையில் வேலை வாங்கிக் கொடுத்தார். "பாப்பாவ செட்டல் பண்ணிட்டுத்தான் எனக்குக் கல்யாணம்" என்று எல்லோரிடமும் சொன்னார். இரண்டு குடும்பங்கள் வந்து என்னைப் பார்த்தன. நான் தேநீர் கொண்டுபோய் வைத்தேன். கூடத்தில் அண்ணன்தான் பேசினார். இரண்டும் நின்றுபோயின. ஏன் என்று கேட்டதற்கு, "அது சரிப்படாதுலா, விடு" என்றார். மூன்றாம் வருடம் அவர் கல்யாணம் செய்துகொண்டார். நான் அவர்களோடு இருந்துவிட்டேன்.

இதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை. அப்பா போனபோதும் அம்மா படுத்த படுக்கையாக இருந்தபோதும் எல்லாக் கவுண்டரிலும் நின்றவர் அண்ணன்தான். எனக்கு அது வசதியாகவும் இருந்தது. எனக்காக ஒருவர் பேசினால் என் காது சூடாக வேண்டியதில்லை. வீட்டில் என்னைப் பாப்பா என்றுதான் இன்றைக்கும் கூப்பிடுகிறார்கள். தலை நரைத்த பாப்பா.

ஒரே ஒரு காரியத்தை மட்டும் நானாகச் செய்தேன். தொழிற்சாலை மூடிய பிறகு ஜாசின் பசாரில் ஒரு தேங்காய்ப்பால் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் பஸ் வருவதற்கு முன்பே கடை திறக்க வேண்டும். அதற்காக மோட்டார்சைக்கிள் ஓட்டப் பழகி, லைசென்ஸ் எடுத்து, சேர்த்த பணத்தில் ஒரு பழைய மோட்டார் வாங்கினேன். பதினெட்டு வருடம் ஓட்டினேன். ஒருவரையும் உரசியதில்லை. ஒரு சம்மன் வாங்கியதில்லை. கடைக்கார அக்கா என்னை "ஓரத்துக் கோடு" என்று கேலி செய்வார். "ரோட்டுக்கே மரியாத குடுத்து ஓட்டுறவ நீ ஒருத்திதான்டி" என்பார். வெளியே சொல்ல மாட்டேன், ஆனால் அந்தக் கேலி எனக்குப் பிடிக்கும். என்னிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்ள இருந்தது அது ஒன்றுதான்.

விபத்து நடந்தது வெளிச்சம் வந்த பிறகு. அன்று கடைக்குப் போகுமுன் பெட்ரோல் போட்டேன், கொஞ்சம் தாமதம். நேர் ரோடு. மோட்டார் விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. இடது பக்கம் ஒரு வீட்டு வாசலிலிருந்து வெள்ளைப் பிக்கப் ஒன்று பின்பக்கமாக ரோட்டுக்கு வந்தது. நான் ஹாரன் அடித்தேன். அது நிற்கவில்லை. அதன் பின்பலகை என் இடது கைப்பிடியில் பட்டது. நான் ரோட்டில் கிடந்தேன். கன்னத்தில் தார் சுட்டதாக நினைத்தேன், காலை நேரத்தில் தார் சுடாது. தோல் உரிந்த எரிச்சல் அது.

பிக்கப்பிலிருந்து இறங்கியவரைப் பார்த்ததும் தெரிந்தது. அண்ணன் பாஸ் என்று கூப்பிடும் காண்டிராக்டர். சின்னத் தோட்டக்காரர்களிடமிருந்து செம்பனைக் குலைகளை எடுத்து ஆலைக்கு அனுப்புகிறவர். அவருக்காக மூன்று லாரிகள் ஓடின. அதில் ஒன்று அண்ணனுடையது. அவர் ஓடி வந்து, "ஐயோ, பாக்கலையேம்மா, பாக்கலையே" என்றார். அவரே போன் பண்ணி அண்ணனை வரவழைத்தார்.

மருத்துவமனையில் கட்டுப் போட்டு முடித்து வெளியே வந்தபோது அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"வலிக்குதா?"

"கொஞ்சம்."

"நீ ஒன்னும் யோசிக்காத. போலீஸ் அது இதுன்னு எல்லாம் நான் பாத்துக்கிறேன். செட்டல்."

நான் தலையாட்டினேன். எப்போதும் போல.

மூன்றாம் நாள் சாயங்காலம் வாசலில் வண்டி வந்து நின்றது. நான் அறையில் படுத்திருந்தேன். கேட்டுக்கு வெளியிலேயே கொஞ்ச நேரம் பேச்சு நடந்தது. வார்த்தை புரியவில்லை. அண்ணன் சிரிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவர் ஆரஞ்சுப் பழப் பை ஒன்றோடு உள்ளே வந்தார். "பாஸ் வந்தாரு. ஒன்ன விசாரிச்சாரு" என்றார்.

"உள்ள கூப்புட்டிருக்கலாமே."

"அவருக்கு வேலலா. அதான் வந்துட்டாருல்ல."

அண்ணி பழத்தை உரித்துக் கொடுத்தார். நல்ல இனிப்பு.

இரண்டு வாரம் கழித்துக் கடைக்கார அக்கா போன் செய்தார். வேலைக்கு வரும் வழியில் விழுந்ததால் இழப்பீட்டுப் படிவம் ஒன்றை நிரப்பி அனுப்ப வேண்டும், போலீஸ் ரிப்போர்ட் காப்பி வேண்டும் என்றார். அன்று சாப்பிடும்போது அண்ணனிடம் கேட்டேன்.

"அதான் செட்டல்னு சொன்னேன்ல?"

"காப்பி மட்டும் குடுங்கண்ணே. அக்கா கேக்குறாங்க."

"காப்பி எதுக்கு? அந்தப் பாரம்லாம் வேணாம்னு சொல்லு. நம்ம ஆளுங்களுக்குள்ள பேசி முடிச்சாச்சு. சாப்பிடு."

மறுநாள்தான் நான் கைப்பேசியில் அந்தச் சொல்லைத் தேடினேன். வழக்கைப் பேசி முடிப்பது என்ற இடத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். பேசி முடிக்க இரண்டு பக்கமும் வேண்டும் என்று போட்டிருந்தது. ஒரு பக்கம் நான். நான் எதுவும் பேசவில்லையே என்று நினைத்தேன். அதற்கு மேல் நினைக்கவில்லை. அண்ணனைச் சந்தேகப்பட எனக்குப் பழக்கமில்லை.

அந்த வாரக் கடைசியில் கடைக்குப் போனேன். ஒரு கையால் தேங்காய் துருவ முடியாது, பால் பிழியும் இயந்திரத்துப் பக்கமும் போக முடியாது. நிறுத்துக் கொடுக்கலாம் வா, வீட்டில் உட்கார்ந்து என்ன பண்ணப் போகிறாய் என்று அக்காதான் கூப்பிட்டார். சனிக்கிழமை. கூட்டம். காண்டிராக்டரின் மனைவி வரிசையில் நின்றிருந்தார். அவரும் தமிழர்தான். மாதம் ஒரு முறையாவது வருவார். அவர் முறை வந்ததும் ஒரு கிலோ பால் கேட்டார். கட்டைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தவில்லை, ஆனால் அன்பாகத்தான் சொன்னார்.

"கை எப்படிம்மா இருக்கு? பரவால்ல, விடு. எங்க வீட்டுக்காரருக்கு ஒன்மேல கோவமே இல்ல. ஒங்க அண்ணன் வந்து அவ்ளோ மன்னிப்புக் கேட்டாரு. வயசாவுதுல்ல, கண்ணும் முன்ன மாதிரி இருக்காது. இனிமே பாத்து ஓட்டு, என்ன?"

பின்னால் நின்ற யாரோ, "ஓ, இவங்கதான் இடிச்சதா?" என்றார்.

நான் தராசைப் பார்த்தேன். முள் ஆடிக்கொண்டிருந்தது. பையில் பாலை ஊற்றினேன். ஒரு கையால் கட்ட முடியாமல் அக்காவிடம் நீட்டினேன். அளவுக்கு மேல் ஊற்றிவிட்டேன் என்று அக்கா பிறகு சொன்னார். அந்த அம்மாள் காசு கொடுத்துவிட்டு என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். என் காது இரண்டும் எரிந்தன. நான் நேராக வந்தேன், அவர்தான் பின்பக்கமாக வந்தார் என்று சொல்ல ஒரு நிமிடம் கூட ஆகியிருக்காது. அந்த ஒரு நிமிடம் எனக்குக் கிடைத்தது. நான் சொல்லவில்லை.

அன்று மாலை அண்ணன் லாரியின் பின்கதவுச் சங்கிலிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். அண்ணி துணி எடுத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நான்தான் இடிச்சேன்னு சொன்னீங்களா?"

அவர் நிமிரவில்லை. "யாரு சொன்னா?"

"பாஸோட சம்சாரம். கடையில. எல்லார் முன்னாலயும்."

"பொம்பளைங்களுக்கு வேற வேல இல்ல."

"சொன்னீங்களா?"

துணியைக் கையில் வைத்துக்கொண்டே அண்ணி, "அட சொல்லிருங்களேன், அது கேக்குதுல்ல" என்றார். அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அண்ணன் கந்தலில் கையைத் துடைத்தார். "இங்க பாரு பாப்பா. அவரு அன்னிக்கு வீட்டுக்கு வந்தாரு தெரியும்ல? ஒன்கிட்ட மன்னிப்புக் கேக்கத்தான் வந்தாரு. எம்மேல தப்பு, தங்கச்சிய பாக்கணும், ரிப்போர்ட்டும் நானே போயி பண்ணிடுறேன்னு சொன்னாரு."

எனக்கு அது உடனே உள்ளே இறங்கவில்லை. "அப்புறம்?"

"நான்தான் வேணாம்னேன். இல்ல பாஸ், அது எப்பவும் எதையாவது நெனச்சுக்கிட்டே ஓட்டும், அதான் பாத்திருக்காது, தப்பு எங்க பக்கம்தான்னேன். மொதல்ல ஒத்துக்கல. நான் சொல்லச் சொல்ல ஒத்துக்கிட்டாரு."

"ஏண்ணே?"

"அடுத்த மாசத்துலேர்ந்து ரெண்டு லாரிதான் ஓட்டப் போறாரு. மூனுல ஒன்னு போவணும். யோசிச்சுப் பாரு. ஒருத்தரு நம்மகிட்ட மன்னிப்புக் கேட்டாருன்னா, அப்புறம் நம்ம மூஞ்சப் பாக்கவே அவருக்குக் கூச்சமா இருக்கும். கொஞ்சங் கொஞ்சமா தள்ளி வெச்சிருவாரு. அவரு நம்மள மன்னிச்சாருன்னு வெச்சுக்க, வேற மாதிரி. நம்ம ஆளுன்னு நெனப்பாரு. ஒனக்கு என்ன கொறஞ்சு போச்சு? கை சரியாயிரும்."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே."

அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. பாப்பாவைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு. "கேட்டா மட்டும் நீ என்ன சொல்லப் போற? நீ வாயத் தொறக்க மாட்டேன்னு எனக்குத் தெரியாதா?"

நான் உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்தேன். லாரி வேலையை நினைத்துப் பொய் சொன்னதோடு நின்றிருந்தால் நான் ஒருவேளை மறந்திருப்பேன். அது எங்கள் எல்லோருடைய சோறு. ஆனால் ஒருவர் என்னைத் தேடி, எனக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்ல, எங்கள் வாசல்வரை வந்திருக்கிறார். அதை அண்ணன் வாங்கி, எனக்குத் தராமல், திருப்பி அனுப்பிவிட்டார். அதோடு என் பதினெட்டு வருடத்தையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார். நான் ஒன்றும் தெரியாமல் அந்த ஆரஞ்சுப் பழத்தைத் தின்றேன். என் கூச்சம் எனக்கு ஒரு குறை என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். அண்ணன் அதை நம்பிக் கணக்குப் போட்டார் என்பது அன்றுதான் தெரிந்தது. இரண்டு குடும்பங்கள் வந்து போனபோது கூடத்தில் என்ன பேசினார் என்றும் முதல் முறையாக யோசித்தேன். அதைக் கேட்கும் தைரியம் இன்னும் எனக்கு வரவில்லை.

திங்கட்கிழமை கடைக்குப் போகும் பஸ்ஸில் ஏறி, பசாரில் இறங்கி, கடையைத் தாண்டிப் போலீஸ் நிலையம்வரை நடந்தேன். வாசலில் ஒரு முறை திரும்பிவிட்டேன். எதிரே கடையில் ஒரு போத்தல் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு மறுபடி வந்தேன். மேசையில் ஒரு மலாய்க்கார இளம் போலீஸ்காரர். என்ன விஷயம் என்று கேட்டார். ரோட்டு விபத்து என்றேன். தேதி கேட்டார். சொன்னேன். அவர் தட்டச்சை நிறுத்தினார்.

"கெனாப்பா லம்பாட், காக்?" ஏனக்கா இவ்வளவு தாமதம் என்று கேட்டார். திட்டவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

எனக்குக் காது சூடானது. ஆனால் மலாயில் சொல்வது எனக்குத் தமிழைவிடச் சுலபமாக இருந்தது. அந்த மொழியில் என்னைப் பாப்பா என்று கூப்பிட்டவர் யாரும் இல்லை. என் அண்ணன் பேசி முடித்துவிட்டதாகச் சொன்னார், அதனால் வரவில்லை, இப்போது நானே சொல்ல வந்திருக்கிறேன் என்றேன். அவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். தாமதத்துக்கு அபராதம் வரலாம் என்றார். பரவாயில்லை என்றேன். பிறகு நான் சொல்லச் சொல்ல அவர் தட்டினார். எந்தத் திசையிலிருந்து வந்தேன், எந்தப் பக்கம் ஓட்டினேன், விளக்கு எரிந்ததா, பிக்கப் எப்படி வந்தது. அவர் கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. விபத்து நடந்து மூன்று வாரம் ஆகியும், அது எப்படி நடந்தது என்று என்னிடம் கேட்ட முதல் ஆள் அவர்தான். கையெழுத்துப் போட்டேன். காப்பியை அக்காவிடம் கொடுத்தேன். அக்கா படித்துவிட்டு, "ஒங்க அண்ணனுக்குத் தெரியுமா?" என்றார். "தெரியும்" என்றேன். அப்போது தெரியாது. அன்று மாலை நானே சொன்னேன்.

அண்ணன் கத்தினார். லாரி போச்சு, குடும்பம் போச்சு, கூடப் பிறந்தவளே குழி தோண்டிவிட்டாள் என்றார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காண்டிராக்டரைப் போலீஸ் நிலையத்துக்குக் கூப்பிட்டார்கள். அவர் போய், ஆமாம், நான்தான் பின்பக்கமாக வந்தேன், பார்க்கவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். அவ்வளவுதான். அவருக்குச் சொல்ல ஓர் உண்மை இருந்தது, கேட்டதும் சொல்லிவிட்டார். அடுத்த மாதம் அவர் நிறுத்தியது வேறொருவருடைய லாரியை.

அவர் மனைவி இப்போது எங்கள் கடைக்கு வருவதில்லை. பசாரில் இன்னொரு கடையில் பால் வாங்குவதாக அக்கா சொன்னார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. அவரிடம் சொல்லப்பட்டதை அவர் நம்பினார்.

லாரி நிற்கவில்லை என்று தெரிந்த அன்று அண்ணன் நல்ல மனநிலையில் வந்தார். சாப்பாட்டுமேசையில் உட்கார்ந்து, எனக்குக் கேட்கும்படி அண்ணியிடம் சொன்னார். "பாத்தியா? அன்னிக்கு நான் அப்படிப் பேசி வெச்சிருந்ததாலதான் அவரு இன்னிக்கிக் கோவப்படல. இல்லன்னா இது செஞ்ச வேலைக்கு..." என்று என் பக்கம் கையைக் காட்டினார். "பரவால்ல. எப்படியோ செட்டல்."

அவர் அதை நம்பித்தான் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது. தான் ஏமாற்றியதே தெரியாதவரிடம் என்னத்தைக் கேட்பது?

நான் எழுந்து கூடத்து அலமாரியைத் திறந்தேன். எங்கள் வீட்டில் எல்லோருடைய பத்திரங்களும் அண்ணனுடைய நீலநிற பைலில்தான் இருக்கும். மேசையில் அதைப் பிரித்து வைத்து, என் பிறப்புப் பத்திரம், பள்ளிச் சான்றிதழ், தொழிற்சாலைக் கடிதம், மோட்டாரின் பதிவுப் பத்திரமான கிராண்டு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கழற்றினேன். ஒற்றைக் கை என்பதால் நேரம் எடுத்தது. யாரும் உதவிக்கு வரவில்லை, நானும் கேட்கவில்லை.

"என்னா பண்ற?" என்றார் அண்ணன்.

"என்னோடத எடுத்துக்கிறேன்."

அவர் சோற்றில் குழம்பை ஊற்றிக்கொண்டார். நான் பைலை மூடி அலமாரியில் வைத்துவிட்டு, என் காகிதங்களோடு அறைக்குள் போனேன்.